பொடக்காலி அடுப்படியின் கணக்கு

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு வெளியடுப்பைப் பற்றவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தீக்குச்சி கிழிக்க, மற்றவர் மேற்கே நின்று முந்தானையை விரித்துக் காற்றை மறைக்க. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இருபத்தொரு வருடமாக, அந்த மற்றவர் நான். போன ஆடியில் ஒரு விடியற்காலை, நான் எழுவதற்கு முன்பே அத்தை தனியாகப் போய்க் குளிக்க வெந்நீர் வைக்கப் பார்த்திருக்கிறார். ஒரு கையில் பற்றவைக்கத் தென்னம் பன்னாடை, ஒரு கையில் தீப்பெட்டி, மறைப்புக்கு அவருடைய உடம்பு மட்டும். காற்று சுழன்று திரும்பியதும் தீ முந்தானையில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்ததால் பிழைத்தோம். இடது முன்கையில் கொப்புளம் எழும்பி, ஆற ஒரு மாதம் ஆனது. அந்தச் சேலையை அத்தை தூக்கிப் போடவில்லை. கருகிய ஓரத்தை வெட்டி, மடித்துத் தைத்து, இன்னும் உடுத்துகிறார்.

அன்று சாயங்காலமே வெளியே ஒழுங்கான ஓர் அடுப்படி கட்டுவது என்று முடிவாயிற்று. அதற்கு ஆன செலவைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுவதற்கு முன் நானும் பலரிடம் கேட்டேன், பல இடங்களில் தேடினேன். அழகான படங்கள் நிறையக் கிடைத்தன. எதற்கு எவ்வளவு ஆனது, எங்கே கை மீறியது, எதை விட்டிருக்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

எங்கள் பக்கம் வீட்டின் பின்புறத்தைப் பொடக்காலி என்போம். மற்ற ஊர்க்காரர்கள் புழக்கடை, கொல்லை என்பது அதைத்தான். எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்கு வடக்கே, குடிமங்கலம் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் தென்னையும் காற்றாலையும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே எங்கள் மேல்தான் வந்து விழுகிறது. வைகாசி கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓயாது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக வந்து சேரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி எங்களுக்கு வெறும் பேச்சு இல்லை. இந்தக் காற்றை மறந்துவிட்டுப் போடுகிற எந்தக் கணக்கும் இங்கே நிற்காது. முதலில் நாங்கள் போட்டது அப்படிப்பட்ட கணக்குதான்.

என் கணவர் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினார். 14 அடிக்கு 10 அடி இடம். கான்கிரீட் தளம் 16,500. மேடைக்குச் சுவர் 14,000. கூரை 49,200. அடுப்பு 8,000. மேடை மேல் கிரானைட் 9,000. தரைக்குக் கல் 13,300. கூட்டினால் சரியாக 1,10,000 ரூபாய். அவர் கணக்கில் கெட்டிக்காரர், தாளும் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோழி கழுவுகிற தண்ணீர் எங்கே போகும்?"

தாளில் தண்ணீரே இல்லை. கழுவுவதற்குத்தான் உள்ளே தொட்டி இருக்கிறதே என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். விளக்கும் இல்லை, விறகு வைக்க இடமும் இல்லை. வீட்டுக் கதவிலிருந்து அடுப்பு வரை நடக்கப் பாதை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காற்று அத்தையின் கையைச் சுட்டதோ அந்தக் காற்றுக்கு ஒரு சுவர் இல்லை. விருந்தாளி வந்து நின்றால் கண்ணில் படுகிறவை அத்தனையும் தாளில் ஏறியிருந்தன. சமைக்கிறவளுக்கு வேண்டியவற்றில் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. இருபத்தொரு வருடம் அந்த அடுப்பின் முன்னால் நின்றவள், தாளைக் கண்டதும் கிரானைட்டின் நிறத்தைத்தான் பேசினேன்.

இடையில் கோயம்புத்தூரில் ஒரு காட்சிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்தோம். பளபளவென்று எஃகு அலமாரிகள், மூடி போட்ட கிரில், பீட்சா சுடும் குமிழ் அடுப்பு, தொங்கு விளக்குகள். 4,80,000 என்று விலை எழுதிக் கொடுத்தார்கள். பொருள் நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேடையில் 20 படி வெந்நீர் அண்டாவை எங்கே ஏற்றுவது? இடியாப்பம் மாதிரியான சந்தகையைப் பிழிகிற கருவியை எதன் மேல் வைத்து அழுத்துவது? இறகு பிடுங்கிய கோழியை எங்கே தீயில் வாட்டுவது? அந்த அடுப்படி வேறு யாருடைய சாப்பாட்டுக்கோ வரைந்த அடுப்படி.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ஆவணி ஒன்றாம் தேதியிலிருந்து ஐப்பசி முடியும் வரை, மூன்று மாதம், வெளியடுப்பு எரிந்த ஒவ்வொரு நாளும் ஒரு வரி. என்ன செய்தோம், எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், யார் நின்றது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எங்களுக்கு இந்த நோட்டு மிச்சப்படுத்தியதும், சரியான இடத்தில் செலவழிக்க வைத்ததும் கொஞ்சநஞ்சமில்லை.

91 நாளில் 74 நாள் அடுப்பு எரிந்தது. அதில் 58 நாள் வெந்நீருக்கு மட்டும். நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் 9 நாள், நடுவில் புரட்டாசி வந்ததால் அது வழக்கத்தைவிடக் குறைவு. சந்தகை 4 நாள். தீபாவளிக்குப் பலகாரம் சுட்டது 3 நாள். பத்துப் பேருக்கு மேல் சாப்பிட்டது ஐந்தே நாள். கிரில்லில் வாட்டும்படி எதையும், யாரும், ஒரு நாளும் கேட்கவில்லை. கறி நாள் ஒன்றில் உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை முறை நடக்கிறேன் என்று எண்ணினேன். 43 முறை. கத்தி எடுக்க, மஞ்சள் எடுக்க, கை கழுவ, போசி எடுக்க, மூடி எடுக்க.

நோட்டு எங்களிடம் சொன்னது இதுதான். இந்த அடுப்படியின் முதல் வேலை விருந்து வைப்பது இல்லை. தினமும் விடிகாலையில் ஓர் அண்டா தண்ணீர் காய்ச்சுவது. அந்த நேரத்தில் அங்கே நிற்கப் போவது எழுபத்து மூன்று வயதுப் பெண். அவர் குனியாமல், வழுக்காமல், புகை குடிக்காமல், காற்றோடு மல்லுக்கட்டாமல் அதைச் செய்து முடிக்க வேண்டும். செலவை இங்கே தொடங்கி எழுத வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் மேஸ்திரி வந்தார். மார்கழிக்குள் கூரை ஏறிவிட வேண்டும் என்று அத்தை முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. தென்னையடியில் கிடந்த பாதி ஈரமான மட்டை ஒன்றை எடுத்து, நாங்கள் அடுப்புக்குக் குறித்திருந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். வெள்ளையாகப் புகை கிளம்பியது. தரையோடு தரையாக ஊர்ந்து போய் நேரே எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குள் நுழைந்தது. "அம்மிணி, கார்த்திகைக் காற்றே இப்படி என்றால் ஆடிக்கு வீட்டில் குடியிருக்க முடியுமா?" என்றார். கார்த்திகையில் எங்களுக்கு வடகிழக்குக் காற்று, ஆடியில் மேற்குக் காற்று. இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் தேடி, அதே மட்டையை நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தார். கடைசியில் அடுப்பு பதினோரு அடி தள்ளி, பொடக்காலியின் தென்கிழக்கு மூலைக்குப் போனது. அந்த ஒரு மட்டைப் புகை எங்களுக்குப் பைசாச் செலவில்லாமல் செய்த வேலையைக் கட்டி முடித்த பிறகு செய்யப் பார்த்திருந்தால், முழு அடுப்பையும் இடித்திருக்க வேண்டும்.

மேற்குப் பக்கம் 14 அடி நீளம், 7 அடி உயரத்துக்கு, துளையில்லாத கான்கிரீட் கல்லான சாலிட் பிளாக்கில் ஒரு சுவர். இதற்கு மட்டும் 17,000. மேடைச் சுவரோடு சேர்த்து 31,000. எங்கள் பக்கம் செங்கல் இப்போது யாரும் எளிதாக எடுப்பதில்லை. 2021இல் கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் மூடப்பட்ட பிறகு விலையும் வண்டி வாடகையும் ஒத்துவரவில்லை. காற்றை மறைக்க பிளாக் போதும். சுவரை மேலே வரை எழுப்பிக் கூரையோடு சேர்த்துவிடாதீர்கள். 7 அடிக்கு மேல் ஒன்றரை அடி திறந்து விட்டோம். முழுவதும் மூடினால் காற்று சுவரைத் தாண்டி உள்ளே சுழன்று புகையைக் கீழே அழுத்தும். இதை மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சின்ன வேலையில் பெரிய வேலையைவிடக் காசு அதிகம் கரையும். அரை யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்த மணல்) கேட்டாலும் லாரி வாடகை ஒன்றுதான். கம்பி வெல்டிங் செய்கிறவர் அரை நாள் வேலைக்கு வந்தாலும் முழு நாள் கூலிதான். அதனால் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வீட்டில் காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிற வரை இரண்டு வாரம் காத்திருந்தோம். ஒரே லோடு மணலையும் ஜல்லியையும் பங்கு போட்டுக்கொண்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டதே இருபது மூட்டைக்குள்தான். மணல் பங்கில் மிச்சமானது இதைவிட அதிகம்.

கூரைக்குக் கீற்று வேண்டாம் என்பதில் நான் உறுதியாக நின்றேன். தீயை வைத்துக்கொண்டு மேலே தென்னங்கீற்று வேயக் கூடாது. சிமெண்ட் ஷீட்டும் வேண்டாம். கல்நார் கலந்தது உடம்புக்குக் கேடு, அடியில் சூடு பட்டால் வெடித்துத் தெறிக்கவும் செய்யும். தகர ஷீட்டின் கீழே சித்திரை மதியத்தில் நிற்க முடியாது. தோட்டத்தில் இடிந்து கிடந்த பழைய சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், மங்களூர் ஓடுகள் முந்நூற்றைம்பது, மாட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தோம். பாசியைத் தேய்த்துக் கழுவி, இரும்புக் குழாயில் சட்டம் போட்டு அவற்றையே ஏற்றினோம். ஓட்டு இடுக்கில் புகை தானாகக் கசிந்து வெளியேறும். நாலா பக்கமும் கூரையை நீட்டி இறக்கியதில் 2,800 கூடி, 52,000 ஆயிற்று. இங்கே மயில் தொல்லை பெரிது. அவை ஓட்டின் மேல் நடந்து நடந்தே நகர்த்திவிடும். காற்றும் ஓரத்து ஓட்டைத்தான் முதலில் தூக்கும். அதனால் கீழ் வரிசைகள் மூன்றையும் சட்டத்தோடு செம்புக் கம்பியால் கட்டச் சொன்னோம். அரை நாள் வேலை. விட்டால் முதல் ஆடியிலேயே ஓடு பறந்துவிடும்.

இனி அடுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த வேலையின் உயிரே இதுதான்.

தாளில் 8,000 என்று எழுதியது செங்கல்லும் சிமெண்டும் வைத்து. அப்படித்தான் எல்லோரும் கட்டுகிறார்கள், இரண்டு வருடத்தில் உதிர்கிறது. சிமெண்ட் கலவை 400 டிகிரிச் சூட்டைத் தாண்டினால் பிடிப்பை இழக்கத் தொடங்கும். வேலாம் விறகு நன்றாக எரியும்போது அடுப்பின் வயிற்றுக்குள் அதைவிட மிகுதியான சூடு இருக்கும். அடுப்பை ஒட்டிக் கிரானைட் வைத்தாலும் இதே கதைதான். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் வடிவம் மாறிச் சட்டென்று விரியும், கல் பிளந்துகொள்ளும். எனவே தீ படுகிற உள்பக்கம் முழுவதும் தீச்செங்கல். அது எங்கே கிடைக்கும் என்று முதலில் விழித்தோம். பிறகுதான் நினைவுக்கு வந்தது, கோயம்புத்தூர் இரும்பு வார்க்கிற ஊர். ஃபவுண்டரிகளுக்குக் கல் விற்கிற கடைகளில் தீச்செங்கல் எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கிறது. ஒரு கல் 45 ரூபாய் வீதம் 70 கல், 3,150. தீக்களிமண் 600. சாம்பல் கீழே விழுவதற்கு வார்ப்பிரும்புத் தட்டி இரண்டு 1,800. அவையும் அந்த ஊரில் வார்த்தவையே. புகைபோக்கிக்கு ஆறு அங்குல ஜிஐ குழாய் 12 அடி, தொப்பியோடு 5,400. அடுப்பு போடக் கூலி இரண்டு நாளுக்கு 3,600. ஆக மொத்தம் 14,550.

அடுப்பு போட்டவர் பக்கத்து ஊர் ஆத்தா ஒருவர். மண்ணடுப்பு போட்டுப் பழகிய கை. தீச்செங்கல் அவருக்குப் புதிது, ஆனால் தீயின் போக்கு அவருக்குத் தெரியாததில்லை. வந்ததும் அத்தையை எழுந்து நிற்கச் சொல்லி, முழங்கைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைச் சாணால் அளந்தார். பிறகு அண்டாவைக் கொண்டுவரச் சொல்லி அதன் உயரத்தையும் அளந்து, முழங்கை உயரத்திலிருந்து அதைக் கழித்தார். உள்ளே நாம் வைத்திருக்கிற கேஸ் மேடை உயரத்துக்கே வெளியடுப்பையும் கட்டினால் அண்டாவுக்குள் கரண்டி விட முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும். தரையோடு போட்டால் முழங்கால் போய்விடும். அண்டா வைத்த பிறகு அதன் வாய் முழங்கைக்குக் கீழே நிற்க வேண்டும். எங்களுக்கு அது தரையிலிருந்து 19 அங்குலம் என்று வந்தது. கொத்தனார் சொல்லியிருந்தது 30.

பெரிய வாய் ஒன்று, அதன் பின்னால் கொடியடுப்பு ஒன்று. முன்வாயில் சமையல் நடக்கும்போது, புகைபோக்கிக்குப் போகிற வழியில் சூடு கொடியடுப்பையும் தொட்டுப் போகும். வெந்நீர் அங்கே தனி விறகில்லாமலே காயும். நோட்டில் 58 நாள் வெந்நீர் என்று எழுதியிருந்தேனே, கொடியடுப்பின் வாயை அண்டா அளவுக்குப் பெரிதாக வைக்கச் சொன்னது அதனால்தான். ஆத்தா தீக்களிமண்ணைக் கூழாகக் கரைத்து, ஒவ்வொரு கல்லையும் தண்ணீரில் முக்கி, வெறும் நகக்கனம் மண் பூசி அடுக்கினார். மேஸ்திரி பழக்கத்தில் அரை அங்குலம் பூசப் போக, அவர் கையைத் தட்டிவிட்டார். கல் தாங்கும், நடுவில் உள்ள மண்தான் முதலில் விடும், ஆகையால் மண் குறைவாக இருக்க வேண்டும் என்றார். முடித்த பின் ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, மூன்று நாள் சுள்ளி மட்டும் எரித்துப் பழக்கினோம். புகைபோக்கி கூரையின் உச்சிக்கு மேலே இரண்டடி நிற்கிறது. 1980களில் அரசு புகையில்லா அடுப்புகளை ஊர் ஊராகக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்ததாம். குழாயைத் துடைக்க வழி வைக்காததால் கரியடைத்து, அடுத்த வருடமே பிடுங்கிப் போட்டார்களாம். அதைக் கேட்டுவிட்டு எங்கள் குழாயின் அடியில் திறந்து மூட ஒரு சிறு கதவு வைத்தோம்.

கிரானைட் மேடை அடுப்பிலிருந்து ஒன்பது அங்குலம் விலகித் தொடங்குகிறது. கடப்பாக் கல் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம், புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும். சந்தகை நாளில் எலுமிச்சை படாத மேடை ஏது? பிசின் கலந்து செய்த குவார்ட்ஸ் பலகை வெயிலில் மஞ்சளாகும். மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரி வேண்டவே வேண்டாம். இங்கே கறையானுக்கும் தேளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தது போல் ஆகும். திறந்த தட்டு போதும், அதற்குக் கடப்பாக் கல்லே போதும்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்கு 23,800 ஆயிற்று. மாடித் தொட்டியிலிருந்து 40 அடி குழாய், இரண்டு குழாய்வாய். ஒன்று கழுவு தொட்டிக்கு மேலே, இன்னொன்று தரையில் அமர்ந்து கோழி கழுவத் தாழ்வாக. கழுவு தொட்டி 304 தர எஃகு. காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று கடையில் காட்டினார்கள். 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது வெளியில் கிடந்தால் துருப்பிடிக்கும். தரம் பார்க்கிற மருந்துச் சொட்டு விட்டுக் காட்டச் சொல்லி வாங்கினோம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, மட்டமான எஃகை இரண்டு வருடத்தில் தின்றுவிடும். கழிவுத் தண்ணீர் முதலில் ஓரடிச் சதுரத் தொட்டியில் விழுந்து, எண்ணெய் மேலே மிதந்து நிற்க, தெளிந்தது மட்டும் வாழைக்கும் இரண்டு தென்னைக்கும் போகிறது. அந்தச் சின்னத் தொட்டி இல்லாமல் எண்ணெய்த் தண்ணீரை நேரே குழாயில் விட்டால், மார்கழிக் குளிரில் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். தரைக்குச் சொரசொரப்பான கல், பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. தளம் போட்ட அன்று மேஸ்திரியின் எதிரிலேயே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். கிழக்கு மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியது. ஈரம் காய்வதற்குள் திருத்திவிட்டார்கள். மறுநாள் பார்த்திருந்தால் உடைக்க வேண்டியிருக்கும்.

மின்சாரம் 14,200. இரண்டு விளக்கு, கிரைண்டருக்கு ஒரு பிளக், மழை புகாத மூடியோடு. இதற்கென்று தனியாக, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும், புதிய எர்த்தும். ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள இடம். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி வெட் கிரைண்டரைச் செய்து காட்டிய பிறகு எங்கள் பக்கப் பெண்களின் தோள்வலி பாதி குறைந்தது. அந்த இயந்திரமே ஒருத்தியின் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. எலக்ட்ரீஷியன் இந்த ஆர்சிசிபியைத் தவிர்த்தால் 3,000 மிச்சம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கு ஒன்றை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், நிற்பவரின் நிழல் பாத்திரத்தில் விழாதபடி பக்கவாட்டில் வைத்தோம்.

கேஸ் அடுப்பு ஒன்றும் வைப்போமா என்று யோசித்தோம். 14.2 கிலோ சிலிண்டருக்கு மேடைக்கு வெளியே காற்றோட்டமாக இடம் ஒதுக்கி, இப்போதைக்கு வெறுமனே விட்டிருக்கிறோம். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வான இடம் தேடிப் போய்த் தேங்கும். ஆகவே அந்த இடம் கழிவுத் தொட்டிக்கு எதிர்ப்பக்கம்.

விறகுக்கு 8,400. மண்ணிலிருந்து ஓரடி உயர்த்திய தட்டி, மேலே ஒரு தகரம், மூன்று பக்கமும் கம்பி வலை. இதைக் கேட்டு உறவினர் பலர் வியந்தார்கள், விறகுக்கு வீடா என்று. விறகை மண்ணில் அடுக்கினால் அடியில் என்ன படுத்திருக்கும் என்பது தோட்டத்தில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். இருட்டில் அதற்குள் கைவிடுகிறவள் பெண். காய்ந்த விறகு புகையைப் பாதியாகக் குறைக்கும் என்பதை ஆத்தாவும் சொன்னார். பாதைக்கு 6,700. சமையலறைக் கதவிலிருந்து அடுப்பு வரை நாலடி அகலத்தில், படி வைக்காமல், சரிவாக. 43 நடையை நினைத்துக்கொண்டு போட்டது.

கடைசிக் கணக்கு 1,89,450. தாளில் எழுதியதைவிட 79,450 அதிகம். அந்த அதிகத்தில் 70,100 முதல் தாளில் பெயர்கூட ஏறாத ஐந்துக்குப் போனது: காற்றுச் சுவர், தண்ணீர், மின்சாரம், விறகு, பாதை. மீதி 9,350 அடுப்பைத் தீச்செங்கல்லில் கட்டியதற்கும் கூரையை நீட்டியதற்கும். தளம், மேடைச் சுவர், கிரானைட், தரைக்கல் ஆகியவை ஏறக்குறைய எழுதியபடியே நின்றன. நகைக்கடனுக்குப் போகவில்லை. கொப்பரை விற்ற பணத்தில் 1,30,000, எஞ்சியது என் சீட்டுப் பணம்.

பணம் போதாதவர்கள் என்னிடம் கேட்டால், தரைக்கல்லை விடுங்கள் என்பேன், சொரசொரப்பாகத் தேய்த்த சிமெண்டே போதும். கிரானைட்டை விடுங்கள். கழுவு தொட்டியைக்கூடக் கல்லில் கட்டிக்கொள்ளலாம். காற்றுச் சுவரையும், தாழ்வான குழாயையும், ஆர்சிசிபியையும், விறகுத் தட்டியையும் மட்டும் தொடாதீர்கள். எந்த வீட்டிலும் பணம் குறைந்ததும் முதலில் வெட்டுப்படுகிறவை இவைதான். புகையில் நிற்கப் போகிறவளிடம் கேட்காமலே வெட்டுகிறார்கள். பல வீடுகளில் அவளே வெட்டச் சொல்கிறாள், எனக்கு எதற்கு, இத்தனை நாள் இல்லாமலா சமைத்தேன் என்று. அத்தையும் அப்படித்தான் சொன்னார். கேட்கவில்லை.

பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, முதல் பெரிய சமையல். காப்புக் கட்டிய பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் புதுக் கூரையின் நான்கு மூலையிலும் தொங்கின. 19 பேர், ஆறு கிலோ அரிசியில் சந்தகை. மாவை இட்லியாக அவித்து, ஆவி பறக்கும்போதே பிழிந்துவிட வேண்டும். ஆறினால் அச்சில் இறங்காது. முன்பெல்லாம் அவிப்பது வெளியே, பிழிவது உள்ளே என்று ஓடுவோம். இப்போது அடுப்புக்கு மூன்றடியில் தாழ்வான கல் திண்ணை. நாத்தனாரின் மகன் கருவியை அழுத்த, அத்தை வட்டலைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒருபுறம், எலுமிச்சை தாளித்தது ஒருபுறம். எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவி, தரையில் மூன்று குடம் தண்ணீர் விட்டதும், அது சரிவில் ஓடி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தொட்டிக்குள் இறங்கியது. அத்தை வாழையடி வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று இரவு நோட்டில் எழுதினேன்: சந்தகை, 19 பேர், ஆறு கிலோ, இரண்டரை மணி நேரம், நின்றது நான்கு பேர். அதற்குக் கீழே அத்தை சொல்லச் சொல்ல இன்னொரு வரி: விறகுத் தட்டி பற்றவில்லை, வடக்கே மூன்றடி நீட்ட வேண்டும். மேஸ்திரி 2,600 ஆகும் என்கிறார். மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.